இளவரசிக்குப் பதில் இவர்

என் வாயாடி இளாவுக்கு,

குறுவை நடவு நேற்றோடு முடிந்தது. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன். நகக்கண்ணில் ஏறிய சேறு போவேனா என்கிறது. சரி, நீ பார்க்காத சேறா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வழக்கமாக இந்த நேரத்துக்கு நீதான் கூப்பிடுவாய். சென்னையில் மேக்கப் அறையில் உட்கார்ந்திருப்பாய். உதட்டுக்குச் சாயம் பூசுகிறவர் "பேசாதீங்க மேடம்" என்று கெஞ்சுவது எனக்கே கேட்கும். நீ எங்கே கேட்டாய்? "நேத்து எப்டிம்மா பண்ணேன்?" இதுதான் உன் முதல் வார்த்தை. சாப்பிட்டியா, அப்பா எப்படி இருக்காரு எல்லாம் அப்புறம்தான். இப்போது நான் கூப்பிட வேண்டியவளாகிவிட்டேன். உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. அதில் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை, அதனால் பத்திரிகையில் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் தொடரில் உனக்குப் பதிலாக நடிக்க வந்திருக்கிற பெண்ணை, உன் பேரைச் சொல்லியே போனில் கண்டபடி எழுதுகிறார்கள். அவர்களும் இதைப் படிக்கட்டும். உன்னை அறியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். என் மகள் இளவரசி, மாலையானால் வீட்டுக்கு வீடு ஓடுகிற ஒரு தொடரில் மல்லிகா என்ற மருமகளாக நடித்தவள். எங்களுக்கு ஒரே பிள்ளை. போன கார்த்திகையில் காய்ச்சலோடு ஊருக்கு வந்தாள். மழை விடுவதற்குள் போய்விட்டாள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

நாம் உட்கார்ந்து மார்க் போட்டதெல்லாம் நினைவிருக்கிறதா? நடிக்க வருகிற பிள்ளைகளில் யாருக்கு எத்தனை முகம் என்பதுதான் நம் கணக்கு. நான் டிவி சத்தத்தை அமுக்கிவிட்டுத்தான் பார்ப்பேன். பின்னால் வாசிக்கிற வயலின்தான் பாதி அழுகையை அழுதுவிடுகிறது, அதை நிறுத்தினால் முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பேன். உன் புருஷனாக வருகிற பையனுக்கு ஒரே முகம்தான் தேறியது. சந்தோஷம் என்றாலும் தாடையைக் கடிப்பான், அம்மா செத்தாலும் தாடையைக் கடிப்பான். "பல்வலி இருந்தா டாக்டரைப் பாக்கச் சொல்லுடி" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பொட்டு கோணிப்போய் மேக்கப்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

வேறொரு சேனலில் வில்லியாக வருகிற சின்னப் பெண்ணுக்கு மூன்று முகம் உண்டு என்று நீ சாதித்தாய். புருவத்தை ஏற்றுவதும் இறக்குவதும் எப்படி இரண்டு முகமாகும் என்று நான் கேட்டேன். அதற்காக அன்று முழுக்க என்னோடு பேசவில்லை நீ. மறுநாள் நீயே கூப்பிட்டு, "புருவத்தை விடு, அவ கழுத்தைப் பாரு. பொய் சொல்றப்ப எச்சில் முழுங்குறா" என்றாய். பார்த்தேன். ஆமாம், முழுங்குகிறாள். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது. ஒரு முகம் கூட்டிப் போட்டேன்.

எனக்கும் ஒருநாள் சரியாகக் கொடுத்தாய். "நீ பாட்டுக்கு முகம் இல்ல, முகம் இல்லங்கிற. எங்களுக்கு என்ன சீன் குடுக்குறாங்க? அழு, முறை, அதிர்ச்சியாகு. இத விட்டா என்ன இருக்கு? வசனமே அங்க போனப்பறம்தான் கைக்கு வருது. அதுக்குள்ள ஒரு பொண்ணு புதுசா ஒண்ணு பண்ணிக் காட்டணும்னா, எங்கேருந்தும்மா எடுப்பா?" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலே இல்லை.

அதன் பிறகுதான் உன் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். மல்லிகாவுக்கு மனசு தாங்காத இடம் வந்தால் மற்றவர்களைப் போல நீ கத்தமாட்டாய். விரல்களை விரித்து, முகத்தில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டால் நெற்றி முடியை ஒதுக்குவாய். தோள் ஒரு தடவை ஏறி இறங்கும். மறுபடி வேலையைப் பார்ப்பாய். அவ்வளவுதான். அந்தக் கையை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டுச் சேர்த்து, ஊரே போனில் அனுப்பிக்கொண்டது. திருவாரூர் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி செய்துகாட்டிச் சிரித்தார்கள். நானும் விடவில்லை.

"கையில என்னடி, நெயில் பாலிஷ் காயலையா?"

"இத எங்கேருந்து எடுத்தேன்னு உனக்குத் தெரியலையாம்மா?"

"எந்தப் படத்துலேர்ந்து?"

"படமா? நல்லாருக்கு போ. யோசிச்சு வையி. பொங்கலுக்கு வரப்ப சொல்றேன்."

பொங்கல் வந்தது. நீ வரவில்லை.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நம் ஊருக்கு நீ இளவரசி. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு நீ மல்லிகா. மல்லிகாவுக்குத்தான் கல்யாணமாகி எவ்வளவோ காலமாகிறதே. அந்த ஊர்ப் பெண்கள் மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். கையில் மஞ்சள், குங்குமம், பூ, சிவப்பு ரவிக்கைத் துணி. சுமங்கலியாகப் போனவளுக்கு என்னென்ன கொண்டுவருவார்களோ அத்தனையும் இருந்தது. ஓர் அம்மாள் உன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அப்புறம் தாலியிலும் வைப்பதற்காக உன் கழுத்தைத் தேடினாள். விரலால் தடவித் தடவித் தேடினாள், இளா.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலைங்க. அது நாடகம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்று கத்தினேன். அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. "தெனமும் பாத்துப் பாத்து எங்க வீட்டுப் பொண்ணுன்னே நெனச்சிட்டேங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே, வைத்த குங்குமத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தாள். அப்போதுதான் உன் அப்பா அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இருக்கட்டும், விடு. நம்மதான் பண்ணிப் பாக்கல. அவங்களாவது பண்ணிப் பாத்திருக்காங்க."

அதற்குப் பிறகு நான் யாரையும் தடுக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வைத்தார்கள். நெற்றி நிறையக் குங்குமத்தோடுதான் உன்னை அனுப்பினோம்.

அதோடு வீட்டில் டிவி போடுவது நின்றது. அப்பா மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, போனில் உன் பழைய காட்சிகளைச் சத்தமில்லாமல் பார்க்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மாசியில் ஒருநாள் எதிர்வீட்டு சரோஜாவிடம் மோர் வாங்கப் போனேன். அவள் வீட்டில் உன் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு ஆள் கிடைக்கும்வரை மல்லிகாவைக் காசிக்கு அனுப்பி வைத்திருந்தார்களாம். அன்று திரும்பி வருகிறாள். முதுகைக் காட்டி நிற்கிறாள். மெதுவாகத் திரும்புகிறாள். வேறு முகம். கீழே எழுத்து ஓடுகிறது: இவருக்குப் பதில் இவர்.

அந்த எழுத்தைப் பார்த்து நாமே எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். நாத்தனார் மாறினாள், மாமனார் மாறினார். "வீட்ல ஒருத்தர்கூடக் கேக்க மாட்டாங்களாம்மா, மாமா உங்க மூக்கு எப்படி மாறிச்சுன்னு?" என்று கேட்டாயே. மல்லிகாவின் புருஷனும் கேட்கவில்லை. தாடையைக் கடித்துக்கொண்டு, "பயணம் நல்லா இருந்துதா?" என்றான். நான் மோர்ச் சொம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உனக்குப் பதில் என்று ஒருத்தரை எழுத அவர்களுக்குக் கை எப்படி வந்தது?

வைகாசியில் அந்தப் பெண்ணே வந்து நின்றாள். மத்தியான வெயில். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். கையில் ஒரு சாக்குப்பை, பை நிறையத் தேங்காய். "பேராவூரணிங்கம்மா. எங்க தோப்புக் காய். வெறுங்கையோட போகாதன்னு அப்பா குடுத்து விட்டாங்க" என்றாள். பேர் அனுசுயா. உன்னைவிடக் குள்ளம், குரல் கொஞ்சம் கரகரப்பு. தண்ணீர் குடித்துவிட்டு, நீ கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள். நீ அதிகாரமாகக் கேட்பாய். அவள் பயந்து பயந்து கேட்டாள்.

"நான் எப்டிம்மா பண்றேன்?"

"நான் பாக்குறதில்லம்மா."

"தெரியுங்க. ஒரே ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க. எனக்கு நடிக்கவே வரலைன்னு எல்லாரும் எழுதுறாங்க. இப்படியே போனா மல்லிகாவ முடிச்சிடலாம்னு பேசுறாங்க. போட்டோவுக்கு மாலை போட்டு, ஒரு வாரம் அழுதா முடிஞ்சிடும்கிறாங்க. எனக்கு இதான் மொத வாய்ப்புங்கம்மா. இது போச்சுன்னா வேற யாரும் கூப்பிட மாட்டாங்க."

மாலை என்ற வார்த்தைக்கு மேல் எனக்கு ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. நம் கூடத்துச் சுவரில் ஏற்கெனவே ஒரு மாலை தொங்குகிறது. இவளுக்கு வேலை போகும். எனக்கோ மல்லிகாவும் செத்துப்போவாள். நீ உண்டாக்கி நடமாடவிட்ட உயிர் அல்லவா அது? "கொண்டா போனை" என்றேன். சத்தத்தை அமுக்கிவிட்டுத்தான் பார்த்தேன்.

மல்லிகா அடுப்படியில் நிற்கிறாள். மாமியார் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள். மல்லிகா கரண்டியை வைக்கிறாள். கை எழுகிறது. விரல்கள் விரிகின்றன. மணிக்கட்டு நெற்றிக்குப் போகிறது. தோள் ஒரு தடவை ஏறி இறங்குகிறது.

நீதான் அது. முகம் வேறு, உயரம் வேறு, ஆனால் கை உன் கை.

"உங்க பொண்ணு நடிச்சதெல்லாம் குடுத்து, இதே மாதிரி பண்ணுன்னு டைரக்டர் சொன்னாருங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்" என்றாள்.

"இங்க ஒரு தடவ பண்ணிக் காட்டு."

எழுந்து நின்று செய்தாள். இன்னொரு தடவை என்றேன். செய்தாள். வாசல்படியில் நின்றிருந்த உன் அப்பா செருப்புக்கூடப் போடாமல் வயல் பக்கம் போய்விட்டார். மறுபடியும் கேட்க வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் பொழுது சாயும்வரை கேட்டிருப்பேன், அவளும் பாவம், செய்துகொண்டே இருந்திருப்பாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை, இளா. கவனம் முழுக்கக் கையில் இருந்தது. கை சரியாக வந்ததா என்று என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இதப் பண்ணாதம்மா."

"நல்லா இல்லீங்களா?"

"அச்சு அசலா இருக்கு. அதனாலதான் சொல்றேன். நீ மல்லிகாவா நடிக்கல, என் பொண்ணா நடிக்கிற. என் பொண்ணா நடிக்க யாரும் வேணாம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜனங்க அந்தக் கையத்தாங்கம்மா பாக்குறாங்க. அதையும் விட்டுட்டா நான் எங்கேருந்து எடுக்கிறது?" என்றாள். உனக்கே அடுப்பில் பால் என்று சொல்லித் தப்பித்தவள், இவளுக்கு என்ன சொல்வேன்? சோறு போட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்குள் நுழைந்ததும்தான் உறைத்தது. உன் உயிர் அசைந்துகொண்டிருந்த ஒரே இடம் அந்தக் கை. அதையும் என் வாயாலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். இல்லம்மா, நீ பாட்டுக்குப் பண்ணு, நான் தெனமும் பாத்துக்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். பெற்றவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா? "அவளுக்குன்னு ஒரு முகம் வேணாமாம்மா?" என்று நீ கேட்பாய். தெரியும். அதனால்தான் கூப்பிடவில்லை.

அன்று மாலையிலிருந்து வீட்டில் டிவி ஓடுகிறது. அப்பாவும் பேப்பர் படிக்கிற மாதிரி வந்து உட்காருகிறார். அனுசுயா அந்தக் கையை விட்டுவிட்டாள். முதலில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள், பார்க்கவே சங்கடமாக இருந்தது. கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். போன வாரம் ஒரு காட்சி வந்தது. மல்லிகா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறாள். நீயாக இருந்தால் முடியை ஒதுக்கியிருப்பாய். இவள் என்ன செய்தாள் தெரியுமா? விரலில் மிச்சமிருந்த ஒரு வாய்ச் சோற்றைப் பார்த்தாள். வாயில் போட்டாள். அவசரப்படாமல் மென்று விழுங்கிவிட்டு எழுந்து போனாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இந்தப் பொண்ணு பொழச்சிக்கும்" என்றார் அப்பா.

பிழைத்துக்கொள்வாள். உன் அளவுக்கு வரவில்லை, அதை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வாய்ச் சோறு அவளுடையது. எங்கேயோ அவள் வீட்டில் பார்த்திருக்கிறாள்.

உடனே ஆரம்பித்துவிட்டார்கள். இளவரசியின் அந்தக் கை எங்கே, இவளுக்குச் சோறு தின்னத்தான் தெரியும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களே, அந்தக் கையை விடச் சொன்னவள் நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். என் மகள் மேல் உங்களுக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியும். மழையில் குங்குமம் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். அதில் ஒரு சிட்டிகையை உயிரோடு இருக்கிற பெண்ணுக்கும் வையுங்கள். மல்லிகாவுக்கு இன்னும் மாலை போடவில்லை. போட விடாதீர்கள்.

இனி சொல்வது உனக்கு மட்டும்.

நேற்றுக் கடைசி வயல். நான், சரோஜா, இன்னும் நாலைந்து பேர் வரிசையாக நட்டுக்கொண்டு வந்தோம். காற்று அடித்து முடி கண்ணில் விழுந்தது. ஒதுக்கிவிட்டுக் குனிந்தேன். பக்கத்தில் சரோஜா நடவில்லை. நாற்றுக் கட்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சரோஜா?"

"இன்னொரு தடவ பண்ணுங்கக்கா."

"எத?"

"இப்பப் பண்ணீங்களே. முடிய."

நான் என் கையைப் பார்த்தேன். விரல் அத்தனையிலும் சேறு. முகத்தில் ஒட்டாமல் இருக்க, விரித்துத் தள்ளிப் பிடித்திருக்கிறேன். மணிக்கட்டில்தான் சேறில்லை. அதனால்தான் மணிக்கட்டால் ஒதுக்கினேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஒதுக்கியிருக்கிறேன். சின்ன வயதில் நீ வரப்பில் உட்கார்ந்து, எப்பம்மா வீட்டுக்குப் போலாம், எப்பம்மா வீட்டுக்குப் போலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாய். நான் நாற்றைத்தான் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

எங்கேருந்தும்மா எடுப்பா என்று கேட்டாயே. யோசிச்சு வையி என்றாயே. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் அழுகை வரப்புத் தாண்டிக் கேட்டிருக்கும். நட்ட நாற்று நசுங்கியது. சரோஜாதான் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

எனக்குத் தெரியாமலே உனக்குக் கொடுத்திருக்கிறேன். நீ அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, திரும்ப என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு இது திரும்ப வேண்டாமடி. பிள்ளைக்குக் கொடுத்தது பிள்ளையிடம்தான் இருக்க வேண்டும். யாரிடம் போய்க் கேட்பேன்?

அனுசுயாவைத் தினமும் பார்க்கிறேன், வாக்கு. நன்றாகச் செய்தால் நன்றாக இருக்கிறது என்பேன், சொதப்பினால் சொதப்பல் என்பேன், உனக்குச் சொன்னபடியே. சம்பா நடவுக்கும் வயலில் இறங்குவேன். முடி கண்ணில் விழும், கை தானாகப் போகும். ஒவ்வொரு தடவையும் வரப்பைத் திரும்பிப் பார்ப்பேன்.

நேற்று எப்படிடி பண்ணினேன்? மார்க்கை நீ போடு.

சேற்றுக் கையோடு,
உன் அம்மா